சாந்த்ராகாச்சி ஏரியும் பல்வலைக் கணிப்பு முறையும்

சென்னையிலிருந்து வங்காளத்திற்குப் புறப்படும் விரைவு வண்டிகளுள் சில ஹௌரா நிலையம் வரை செல்லாமல், அதற்குச் சற்று முன்பாகவே சாந்த்ராகாச்சியில் தம் பயணத்தை முடித்துக்கொள்கின்றன. கொல்கத்தா நகருக்கு எதிரே, ஹூக்ளி நதியின் மேற்கில் அமைந்த ஊர் அது. இரயில் நிலையத்தை ஒட்டியே ஏறத்தாழ 32 ஏக்கர் பரப்புடைய ஓர் ஏரி உள்ளது. குளிர்காலத்தில் சீழ்க்கைச் சிறகி, ஊசிவால் வாத்து முதலிய நீர்ப்பறவைகள் இங்கே பெருந்திரளாக வந்து தங்குகின்றன. நீர்ப்பரப்பை மூடும் ஆகாயத்தாமரையை அகற்றும்போது, பறவைகள் அமர்வதற்கென அதன் திட்டுகள் சில தீவுகள் போல் விட்டுவைக்கப்படுவது வழக்கம். சுற்றுப்புறக் கழிவுநீர் இவ்வேரியில் கலப்பது பற்றிய முறையீடு, 2010-இல் அமைக்கப்பட்ட தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன்னும் வந்ததுண்டு.

இத்தகைய ஏரி ஒன்றில் களப் பணியாளர் ஒருவர் பின்வருமாறு வினவுவதாகக் கொள்வோம்: ஒரு மூலையில் வடிகால் நீர் கலந்தால், எதிர்க்கரையில் அதன் செறிவு என்னவாகும்? வடிகாலைத் தடுத்துத் திருப்பினால் எவ்வளவு பயன் கிட்டும்? இவ்வினாவுக்குக் கணிப்பொறி விடை தரும். ஆயினும், அணியைப் பிழையாக அமைத்தாலும், கணிப்பை உரிய காலத்திற்கு முன்பே நிறுத்தினாலும், அது எதிர்க்கரை தூய்மையாக உள்ளது என்றே தயக்கமின்றிக் கூறிவிடும். அவ்விடையை நம்பி ஒரு தடுப்புக் கால்வாய் தேவையில்லை என்று முடிவு செய்யப்படலாம். ஆதலின், அணியை அமைக்கும் முறையையும், பல்வலை முறை அதனை எங்ஙனம் விரைவில் தீர்க்கிறது என்பதையும் இப்பாடத்தில் காண்போம். ஏரியின் எடுத்துக்காட்டு பாடத்திற்காக எளிமையாக்கப்பட்டது. காற்று, நீரோட்டம் ஆகியவற்றை விலக்கி, பரவுதலையும் இயற்கைச் சிதைவையும் மட்டுமே கருதுகிறோம்.

1. அணி எங்ஙனம் உருவாகிறது?

ஏரியின் பரப்பை 2 மீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டங்களாகப் பிரிப்போம். 32 ஏக்கர் என்பது ஏறத்தாழ 1,29,500 சதுர மீட்டர் ஆகும். எனவே கட்டங்கள் ஏறக்குறைய 32,000 ஆகும். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள செறிவு ஒரு தெரியாத கணியம். ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு சமன்பாடு எழுதலாம்: அண்டைக் கட்டங்களுக்குப் பரவிச் செல்வதும், அக்கட்டத்திலேயே சிதைந்து மறைவதும் சேர்ந்து, வடிகால் வழியாக வந்து சேர்வதற்குச் சமமாக இருக்க வேண்டும்.

இச்சமன்பாடுகளின் கெழுக்களை நிரைகளாகவும் நிரல்களாகவும் எழுதினால் 32,000 நிரைகள் கொண்ட அணி கிடைக்கும். அதில் மொத்த இடங்கள் 102 கோடிக்கு மேற்பட்டவை. ஆனால் ஒரு கட்டத்திற்கு அண்டை நான்கே. ஆகவே ஒரு நிரையில் பூஜ்யமல்லாத எண்கள் ஐந்துக்கு மேல் இரா. அணி முழுவதிலும் அவை 1,60,000-ஐத் தாண்டமாட்டா. அதாவது 6,400 இடங்களுக்கு ஓர் இடத்தில்தான் எண் உள்ளது. இத்தகைய அணிக்கு ஐதான அணி என்று பெயர். இதனைச் சேமிக்க மூன்று பட்டியல்கள் போதும்: பூஜ்யமல்லாத எண்கள், அவை ஒவ்வொன்றும் நிற்கும் நிரலின் எண், ஒவ்வொரு நிரையும் பட்டியலில் எங்கே தொடங்குகிறது என்னும் குறிப்பு. எந்த நிரைக்கு எத்தனை இடம் வேண்டும் என்பதை மென்பொருளுக்கு முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். அறிவிக்காவிடில், சில மென்பொருள்கள் ஒவ்வொரு எண் வரும்போதும் பட்டியலைப் பெயர்த்து எழுத நேர்ந்து, தீர்ப்பதைக் காட்டிலும் அமைப்பதற்கே மிகுந்த நேரம் செலவாகும்.

2. சேர்த்தலும் மாற்றி எழுதலும்

அணியைக் கட்டம் கட்டமாக நிரப்புவதைவிட, இரு கட்டங்களுக்கு இடையேயுள்ள எல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வது நலம். ஓர் எல்லையின் பரிமாற்றக் கெழு 1 என்க. அவ்வெல்லை அணிக்கு நான்கு எண்களை அளிக்கிறது: இரு கட்டங்களின் மூலைவிட்ட இடங்களில் +1 வீதம், அவ்விரண்டையும் இணைக்கும் இரண்டு இடங்களில் −1 வீதம். நான்கு அண்டைகளை உடைய கட்டத்தின் மூலைவிட்டத்தில் இவ்வாறு 1 நான்கு முறை சேர்ந்து 4 ஆகும். சிதைவுக்குரிய சிறிய எண்ணை இறுதியில் அதனோடு கூட்டுக.

இங்கே ஒரு பிழை எளிதில் நேரும். மென்பொருள்களில் ஓர் இடத்தில் எண்ணை இடுவதற்கு இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, முன்பிருப்பதோடு கூட்டுவது; மற்றொன்று, முன்பிருப்பதை அழித்து மாற்றி எழுதுவது. இரண்டாவதைத் தெரிந்துவிட்டால் மூலைவிட்டத்தில் கடைசி எல்லையின் 1 மட்டுமே எஞ்சும். 4 இருக்க வேண்டிய இடத்தில் 1 நிற்கும். மென்பொருள் எவ்வித எச்சரிக்கையும் தராது. ஆதலின் அணி முடிந்தவுடன் மூன்று சோதனைகளைச் செய்க.

முதலாவது, சிதைவைச் சேர்ப்பதற்கு முன், எல்லா நிரல்களுக்கும் 1 என்னும் எண்ணைக் கொடுத்து அணியால் பெருக்குக. எங்கும் ஒரே செறிவு இருந்தால் பரவுதல் நிகழாது. எனவே விடை எங்கும் பூஜ்யமாக வேண்டும். மேலே கூறிய பிழை இருந்தால் அந்நிரையில் −3 தோன்றும்.

இரண்டாவது, அணி சமச்சீர் உடையதா என்று பார்க்க. 10-ஆவது கட்டம் 11-க்கு அளிக்கும் கெழுவும், 11 ஆவது 10-க்கு அளிக்கும் கெழுவும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் செறிவு முன்பே தெரியுமானால், அந்த நிரையை மட்டும் திருத்திவிட்டு நிரலை அப்படியே விடுவதால் சமச்சீர் கெடும். தெரிந்த மதிப்பை வலப்பக்கத்திற்குக் கொண்டுபோய், நிரை, நிரல் இரண்டையும் நீக்குவதே முறை.

மூன்றாவது, விடை தெரிந்த ஒரு கணக்கை அதே நிரலைக் கொண்டு தீர்த்துப் பார்க்க. ஒரு விடையை நாமே கற்பித்து, அதனை அணியால் பெருக்கி வலப்பக்கத்தைப் பெற்றுப் பின் தீர்த்தால், கற்பித்த விடை மீள வேண்டும். தீர்க்கும் பகுதி சரியா என்பதை இது காட்டும்.

இன்னொன்றும் நினைவில் வைக்கத்தக்கது. கரையெங்கும் எதுவும் வெளியேறாது எனக் கொண்டு, சிதைவையும் விட்டுவிட்டால், எந்த விடையோடும் ஒரு மாறிலியைக் கூட்டினாலும் சமன்பாடுகள் நிறைவுறும். அத்தகைய அணிக்கு ஒரே விடை என்பது கிடையாது. இதனை மென்பொருளுக்குத் தனியே அறிவித்தாக வேண்டும்.

3. பழைய முறையும் அதன் தடையும்

இத்தனை சமன்பாடுகளை ஒன்றன்பின் ஒன்றாக நீக்கித் தீர்ப்பது பெரும் வலைகளுக்கு மிகுந்த இடமும் காலமும் கேட்கும். எனவே ஓர் ஊக விடையில் தொடங்கி, அதனை மீண்டும் மீண்டும் திருத்தும் முறை கையாளப்படுகிறது. காஸ் 1823-இலேயே ஒரு கடிதத்தில் இவ்வகைத் திருத்த முறையை விளக்கியுள்ளார். ஜக்கோபி 1845-இலும் சைடல் 1874-இலும் தத்தம் முறைகளை வெளியிட்டனர்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சிறப்பான வரலாறு உண்டு. 1953-இல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சமரேந்திர குமார் மித்ரா, பத்துத் தெரியாக் கணியங்கள் கொண்ட ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் மின்னணு ஒப்புமைக் கணிப்பொறி ஒன்றை வடிவமைத்தார். அவருடைய மேற்பார்வையில் ஆஷிஷ் குமார் மைத்தி அதனைக் கட்டி முடித்தார். காஸ்–சைடல் முறையின் திருத்திய வடிவமே அப்பொறியில் பயன்பட்டது. அந்நிறுவனம் அமைந்த பாராநகர், சாந்த்ராகாச்சிக்கு வடகிழக்கே ஹூக்ளியின் மறுகரையில் உள்ளது.

பத்துச் சமன்பாடுகளுக்கு ஏற்ற அம்முறை 32,000 சமன்பாடுகளுக்கு ஏன் போதாது? ஜக்கோபி முறையில் ஒரு சுற்றில் ஒவ்வொரு கட்டமும் தன் அண்டைக் கட்டங்களை மட்டுமே பார்க்கிறது. பூஜ்ய ஊகத்திலிருந்து தொடங்கினால், வடிகாலின் செய்தி ஒரு சுற்றுக்கு ஒரு கட்டம் வீதமே நகரும். 50 சுற்றுகளில் அது 100 மீட்டரைக் கடந்திருக்கும். ஏரி சதுரமாக இருப்பினும் ஒரு பக்கம் 360 மீட்டர் வரும். ஆகவே 180 சுற்றுகளுக்கு முன் எதிர்க்கரையில் பூஜ்யம் என்னும் நம் ஊகமே விடையாக நிற்கும். முன்னுரையில் கூறிய பொய்யான தூய்மை தோன்றும் வழி இதுவே.

4. ஏழு புள்ளிகளில் ஒரு கணக்கு

இதனை வகுப்பில் கரும்பலகையிலேயே காட்டலாம். ஒரு வரிசையில் ஏழு புள்ளிகளை எடுத்துக்கொள்க. இரு முனைகளுக்கு வெளியே மதிப்பு பூஜ்யம். ஒவ்வொரு புள்ளிக்கும் சமன்பாடு பின்வருமாறு: தன் மதிப்பின் இரு மடங்கிலிருந்து இரு அண்டை மதிப்புகளையும் கழித்தால் பூஜ்யம். இதன் உண்மை விடை எங்கும் பூஜ்யமே. எனவே நாம் எழுதும் ஊகம் முழுவதும் பிழையே ஆகும். பிழை எங்ஙனம் மறைகிறது என்பதை நேரே காணலாம்.

திருத்தும் விதியாக, ஒவ்வொரு புள்ளியிலும் தன் மதிப்பு, இரு அண்டை மதிப்புகள் ஆகிய மூன்றின் சராசரியை எழுதுவோம். இது தணித்த ஜக்கோபி முறையின் ஒரு வடிவம்.

முதலில் மேலும் கீழுமாக மாறும் ஊகம்: 1, −1, 1, −1, 1, −1, 1. ஒரு சுற்றுக்குப் பின்: 0, 1/3, −1/3, 1/3, −1/3, 1/3, 0. பிழை ஒரே சுற்றில் மூன்றில் ஒன்றாகிவிட்டது.

அடுத்து, கூரை போன்ற ஊகம்: 1, 2, 3, 4, 3, 2, 1. ஒரு சுற்றுக்குப் பின்: 1, 2, 3, 3⅓, 3, 2, 1. உச்சி மட்டும் சிறிது தாழ்ந்தது. மற்ற ஆறு புள்ளிகளும் அசையவே இல்லை.

இப்பொழுது எச்சத்தைக் கணக்கிடுக. எச்சம் என்பது சமன்பாட்டின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்தைக் கழித்தது. முதல் ஊகத்தில் பிழையின் அளவு 1; எச்சமோ 3 அல்லது 4 அளவினது. கூரை ஊகத்தில் பிழை 4 வரை உயர்ந்துள்ளது. எச்சமோ உச்சியில் −2, மற்ற ஆறு இடங்களிலும் பூஜ்யம். பிழை பெரிதாயிருக்க எச்சம் சிறிதாயிருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டா. எச்சம் சிறிதாகிவிட்டது என்னும் காரணத்தால் மட்டும் கணிப்பை நிறுத்தும் பணியாளர், ஏரியின் மேல் விரிந்துகிடக்கும் பரந்த பிழையை விடையெனக் கொண்டுவிடுவார்.

வலை நுண்மையாக ஆக இத்தடை பெருகும். வரிசையை 8 இடைவெளிகளாகப் பிரிக்கும்போது மிகப் பரந்த பிழை ஒரு சுற்றுக்கு 0.949 மடங்காகக் குறைகிறது. பத்துச் சுற்றுகளுக்குப் பின்னும் நூற்றுக்கு 59 பங்கு எஞ்சும். 128 இடைவெளிகளாகப் பிரித்தால், அப்பிழை பத்தில் ஒரு பங்காகக் குறைய ஏறத்தாழ 11,500 சுற்றுகள் வேண்டும். இடைவெளியைப் பாதியாக்கினால் சுற்றுகள் நான்கு மடங்காகும். ஏரியைப் போன்ற பரப்பில் கட்டங்களும் நான்கு மடங்காவதால், வேலை 16 மடங்காகும். சாந்த்ராகாச்சி வழியாகச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள கரக்பூரில், இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பரம் சக்தி மீக்கணிப்பொறி 2022-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அத்தகைய பொறி கையில் இருந்தாலும், வலையை நான்கைந்து முறை பாதியாக்கினால் இவ்வளர்ச்சி அதன் விரைவை விழுங்கிவிடும்.

5. பரும வலையின் உதவி

கூரை போன்ற பிழை அருகிலிருந்து பார்க்கும்போது சரிவாகவே தோன்றாது. தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு அது மேடாகத் தெரியும். ஆகவே ஒன்றுவிட்டு ஒன்றாக 2, 4, 6 ஆகிய மூன்று புள்ளிகளை மட்டும் கொண்ட பரும வலைக்குச் செல்வோம்.

எச்சத்தை அங்கே கொண்டுசெல்லும் விதி: நேரே உள்ள புள்ளியின் எச்சம் முழுவதும், இரு அண்டைகளின் எச்சத்தில் பாதி பாதியும் கூட்டுக. கூரை ஊகத்தில் இதனால் பரும வலையில் 0, −2, 0 கிடைக்கிறது. அதே நிறைகளால் அணியையும் சுருக்கினால், பரும அணியில் மூலைவிட்டம் 1, அண்டை இடம் −½ ஆகும். மூன்று சமன்பாடுகளையும் கையாலேயே தீர்க்கலாம். நடுப்புள்ளியின் திருத்தம் −4. பக்கப் புள்ளிகளின் திருத்தம் −2 வீதம்.

இனி நுண்வலைக்குத் திரும்புவோம். விடுபட்ட புள்ளிகளுக்கு இரு பக்கத் திருத்தங்களின் சராசரியை இடுக. திருத்தம் −1, −2, −3, −4, −3, −2, −1 ஆகிறது. இதனை ஊகத்தோடு கூட்டினால் ஏழு புள்ளிகளிலும் பூஜ்யம். மூன்று புள்ளிகளின் கணக்கு பிழை முழுவதையும் ஒரே அடியில் நீக்கிவிட்டது.

எல்லாப் பிழையும் இவ்வளவு ஒழுங்காக அமையாது. எனவே நுண்வலையில் ஓரிரு சுற்றுகளால் நெளிவுப் பிழையைத் தணித்து, எஞ்சிய பரந்த பிழையைப் பரும வலைக்கு அனுப்புகிறோம். அங்கும் வலை பெரிதாயின் அதனினும் பருமையான வலைக்குச் செல்கிறோம். ஏரியில் 32,000 கட்டங்கள் 8,000, 2,000, 500, 125 எனக் குறைந்து, கடைசியில் நேரடியாகத் தீர்க்கத்தக்க சிறு கணக்காகும். பின் படிப்படியாக ஏறி வந்து, ஒவ்வொரு படியிலும் மீண்டும் ஓரிரு சுற்றுகள் தணிக்கிறோம். எல்லாப் படிகளின் கட்டங்களையும் கூட்டினாலும், நுண்வலைக் கட்டங்களின் ஒன்றேமுக்கால் மடங்கைக்கூட எட்டாது. 4/3 மடங்குக்கு உட்பட்டே நிற்கும். இதுவே பல்வலை முறை. சோவியத் நாட்டின் பெதரென்கோ 1961-இல் இதனை வெளியிட்டார். பக்வாலவ் 1966-இல் இதன் கோட்பாட்டை விரிவாக்கினார். அக்கி பிராண்ட் 1970-களில் இதனை நடைமுறைக் கருவியாக்கினார்.

6. முன்சீராக்கி என்பது யாது?

ஹெஸ்டனீஸ், ஸ்டீஃபல் ஆகிய இருவரும் 1952-இல் வெளியிட்ட இணைச்சாய்வு முறை, சமச்சீரான அணிகளுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் அதுவும் பரந்த பிழையின்முன் தயங்கும். ஒவ்வொரு படியிலும் எச்சத்தை நேரே பயன்படுத்தாமல், அதன்மேல் பல்வலைச் சுற்று ஒன்றைச் செலுத்தி, கிடைக்கும் திருத்தத்தைப் பயன்படுத்தினால் அத்தயக்கம் நீங்கும். இவ்வாறு மற்றொரு முறைக்கு முன்னே நின்று கணக்கைச் சீராக்கும் செயலுக்கு முன்சீராக்கி என்று பெயர் இடலாம். பல்வலை முறை சிறிது பிசகியிருந்தாலும் இணைச்சாய்வு முறை அதனை ஈடுசெய்துகொள்ளும். ஆகையால் இவ்விரண்டும் சேர்ந்தே பெரிதும் வழங்குகின்றன.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முன்சீராக்கியும் சமச்சீராக இருத்தல் வேண்டும். இறங்கும்போது கட்டங்களை முன்னிருந்து பின்னாகக் காஸ்–சைடல் முறையில் தணித்தால், ஏறும்போது பின்னிருந்து முன்னாகத் தணிக்க வேண்டும். சுற்றுகளின் எண்ணிக்கையும் இரு பக்கமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஏரியில் நீரோட்டத்தைச் சேர்த்தால் அணியின் சமச்சீரே போய்விடும். அப்போது சாத், ஷுல்ட்ஸ் ஆகியோர் 1986-இல் வெளியிட்ட சிறும எச்ச முறை போன்ற வேறொன்றை நாட வேண்டும்.

7. ஆகாயத்தாமரைத் திட்டுகள் தரும் பாடம்

இரண்டு திட்டுகளுக்கு இடையே 6 மீட்டர் அகலமுள்ள நீர்வழி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 2 மீட்டர் வலையில் அதற்கு மூன்று கட்டங்கள் உண்டு. 16 மீட்டர் வலையிலோ அவ்வழி மறைந்துபோகும், அல்லது திட்டுகள் மறைந்து திறந்த நீராகிவிடும். இரண்டுமே தவறு. வடிவத்தை மட்டும் பார்த்துப் பருமையாக்கும் முறை இங்கே தடுமாறுகிறது.

இதற்கு மாற்றாக எழுந்ததே இயற்கணிதப் பல்வலை முறை. ரூகே, ஸ்டூபன் ஆகியோர் 1987-இல் இதன் செம்மையான வடிவத்தை வெளியிட்டனர். இம்முறைக்கு வரைபடம் வேண்டா, அணியே போதும். ஒரு நிரையில் எந்த அண்டையின் கெழு வலிதோ, அந்த அண்டையோடு மட்டுமே கட்டம் தொடர்புடையதாகக் கொள்ளப்படும். அந்நிரையின் மிகப் பெரிய கெழுவில் கால் பங்குக்குக் குறைந்ததை வலிதன்று என ஒதுக்குவது பரப்புக் கணக்குகளில் பெருவழக்கு. திட்டின் குறுக்கே கெழு பூஜ்யமாதலால், அதன் இரு பக்கங்களும் ஒருபோதும் தவறாக இணைக்கப்படமாட்டா. முறை முழுவதும் கெழுக்களையே நம்பியிருப்பதால், இரண்டாம் பகுதியில் கூறிய சோதனைகளின் அருமை இங்கே விளங்கும். அணி பொய் சொன்னால் பரும வலைகள் யாவும் அப்பொய்யின்மீதே எழும்.

8. மென்பொருளைக் கையாளுவோருக்கு

அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் உருவான பெட்ஸி, சாண்டியா ஆய்வகத்தில் உருவான டிரிலினோஸ் முதலிய இலவச மென்பொருள்கள் மேற்கண்ட முறைகளை ஆயத்தமாகத் தருகின்றன. அவற்றைப் பயன்படுத்துவோர் பின்வருவனவற்றை ஒவ்வொரு முறையும் குறித்துவைப்பது நன்று.

வலையைப் பாதியாக்கிக் கணிப்பை மீண்டும் நடத்துக. பல்வலை முறை செவ்வனே இயங்கினால் சுற்றுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய மாறாது. இரட்டிப்பாகவோ நான்கு மடங்காகவோ பெருகினால் அமைப்பில் குறையுண்டு.

எல்லாப் படிகளின் அணிகளிலும் உள்ள பூஜ்யமல்லாத எண்களைக் கூட்டி, நுண்வலை அணியின் எண்ணிக்கையால் வகுக்க. இது மிகுந்து சென்றால் பரும அணிகள் அடர்ந்துவருகின்றன என்பது பொருள்.

நிறுத்தும் விதியை உண்மையான எச்சத்தின்மேல் வைக்க. சில மென்பொருள்கள் முன்சீராக்கிய எச்சத்தையே காட்டுகின்றன. அது மயக்கம் தரக்கூடும்.

இறுதியாக, விடையைக் களத்தோடு ஒப்பிடுக. கணிப்பு எதிர்க்கரையில் பூஜ்யம் என்று கூறினால், செய்தி அங்கே சென்று சேர்ந்ததா என்று முதலில் ஐயுறுக. கரையில் ஒரு குப்பி நீரெடுத்துச் சோதித்தபின் முடிவு செய்க.

பயிற்சி வினாக்கள்

1. ஏழு புள்ளிகளில் 1, 0, −1, 0, 1, 0, −1 என்னும் ஊகத்தை எடுத்துச் சராசரி விதியால் ஒரு சுற்றுத் திருத்துக. பிழை எத்தனை மடங்கு குறைகிறது?

2. அதே ஊகத்தின் எச்சத்தைப் பரும வலைக்குக் கொண்டுசெல்க. மூன்று புள்ளிகளிலும் பூஜ்யம் வருவதிலிருந்து, தணிக்காமல் பரும வலைக்குச் செல்லலாகாது என்பதை விளக்குக.

3. மூன்று கட்டங்கள் ஒரு வரிசையில் உள்ளன, எல்லைக் கெழு 1, சிதைவு இல்லை. அணியை எல்லை முறையில் அமைத்து, நிரைகளின் கூடுதல் பூஜ்யம் எனக் காட்டுக. மாற்றி எழுதும் முறையில் எந்த நிரை கெடுகிறது?

4. உங்கள் ஊரிலுள்ள ஒரு குளத்தின் பரப்பை அறிந்து, 5 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் அணியில் எத்தனை நிரைகளும், அதிகபட்சம் எத்தனை பூஜ்யமல்லாத எண்களும் இருக்கும் என்று கணக்கிடுக.